எண்ணியது யார்?

“வகுப்பிலே போரின் கொடுமையைப் பேசுகிறீர்கள், வீட்டிலே போர் விமானம் செய்கிறீர்கள். நாவுக்கு ஒரு கொள்கை, கைக்கு ஒரு கொள்கையா?” என்று கேட்டார் நண்பர்.

நகைத்தோம். நகைத்தோமே தவிர, உடனே விடை கூற இயலவில்லை. மேசைமீது பழைய செய்தித்தாள் விரித்துக் கிடந்தது. அதன்மீது அரம், உப்புத்தாள், சாமணம், பேனாக்கத்தி, வண்ணக் குப்பிகள், தூரிகைகள். நடுவே, இறக்கை ஒருபுறமும் உடல் ஒருபுறமுமாக ஒரு சின்னஞ்சிறு பிளாஸ்டிக் விமானம். இரு கைகளுக்குள் அடங்கிவிடும் உருவந்தான். ஆனால் அது கிளப்பிவிட்ட கேள்வியோ, பல இரவுகள் நம்மை உறங்கவிடவில்லை. அந்தக் கேள்வியைக் கேட்டவர் நண்பரல்லர். ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி. அதைக் கூறவே இக்கட்டுரை.

நாம் கல்லூரியில் வரலாறு பயின்று பட்டம் பெற்றோம்; இன்று பள்ளியொன்றில் வரலாறே பயிற்றுவிக்கிறோம். மூன்றாண்டுகள் ஏடுகளைப் புரட்டினோம். ஆண்டுகளை நெட்டுருப் போட்டோம். தேர்வுத் தாளிலே கொட்டினோம். அந்த மூன்றாண்டுகளில் எந்தப் பொருளையேனும் நம் கையால் ஆக்கிப் பார்த்ததுண்டா? இல்லை. சுவரில் ஆணி ஒன்று அடிக்க வேண்டுமானாலும் ஆளைத் தேடுவோம். படித்தவன் கையில் மை படலாம், மண் படலாகாது என்ற எண்ணம் இந்நாட்டில் எவ்வளவு பழையது, எவ்வளவு கேடு விளைத்தது என்பதை இவ்வேட்டைப் படிப்போருக்கு விளக்க வேண்டியதில்லை. அந்த எண்ணத்தை மேடையிலே சாடியிருக்கிறோம். வீட்டிலே அதன்படியே வாழ்ந்திருக்கிறோம்!

அந்த நிலையில்தான் சென்னையில் பணிபுரியும் தோழர் ஒருவர் நமக்கொரு பெட்டியைப் பரிசளித்தார். இங்கிலாந்தில் தோன்றிய ‘ஏர்ஃபிக்ஸ்’ நிறுவனத்தின் பெட்டி. உள்ளே, சாம்பல்நிறப் பிளாஸ்டிக் சட்டங்களில் காய்த்துத் தொங்கும் காய்கள்போல் பாகங்கள். பெட்டியின்மேல் விமானத்தின் பெயர்: ‘போல்டன் பால் டிஃபையன்ட்’. டிஃபையன்ட் என்றால் பணியாதது, எதிர்த்து நிற்பது என்று பொருள். பெயரைப் படித்ததுமே மயங்கிவிட்டோம். பணியாமை நமக்குப் பிடித்த பண்பன்றோ!

மயக்கத்தை மிகுவித்தது மற்றொரு செய்தி. இரண்டாம் உலகப் போரில் இந்த விமானத்தை ஓட்டிய பிரிட்டிஷ் அணிகளில் ஒன்று 264-ஆம் அணி. அந்த அணியின் முழுப்பெயர் என்ன தெரியுமா, தோழர்களே? ‘264 – சென்னை மாகாண அணி’!

ஆம், நம் சென்னை மாகாணந்தான். போருக்கு நிதி வழங்கிய நாடுகளின் பெயரைத் தன் அணிகளுக்குச் சூட்டிற்று பிரிட்டிஷ் விமானப்படை. 129-ஆம் அணிக்கு மைசூர். 110-ஆம் அணிக்கு ஐதராபாத். 102-ஆம் அணிக்கு இலங்கை. 79, 234, 264 என்னும் மூன்று அணிகளுக்குச் சென்னை மாகாணம். எங்கோ ஆங்கிலக் கால்வாயின்மீது பறந்த விமானத்தின் பெயரில் நம் ஊர்! மார்பு விம்மிற்று. பள்ளியின் ஆண்டுக் கண்காட்சிக்கு இதனையே வைப்பது என்று அன்றே முடிவு செய்தோம்.

*

மாதிரி விமானம் என்றதும், செல்வர் வீட்டுப் பிள்ளைகளின் விளையாட்டு என்று சிலர் எண்ணக்கூடும். நாமும் அப்படித்தான் எண்ணியிருந்தோம். உண்மை வேறு.

இந்த மாதிரிகளின் அளவு 72-இல் ஒரு பங்கு. ஏன் 72? ஆறடி உயர மனிதன் ஓர் அங்குலமாகிவிடுவான், கணக்கு எளிது. இறக்கையின் ஒரு நுனியிலிருந்து மறு நுனிவரை ஏறத்தாழ 12 மீட்டர் விரிந்த டிஃபையன்ட், நம் மேசையில் பதினாறரை சென்டிமீட்டருக்குச் சற்று மிகுதி. பதினோரு மீட்டருக்குச் சற்றுக் குறைந்த அதன் நீளம் 15 சென்டிமீட்டர். பிளாஸ்டிக்கில் இத்தகைய மாதிரிகள் ‘ஃபிராக் பெங்குவின்’ என்ற பெயரில் 1936-இலேயே பிரிட்டனில் விற்பனைக்கு வந்துவிட்டன. ஏர்ஃபிக்ஸைத் தோற்றுவித்தவர் ஹங்கேரியிலிருந்து குடியேறிய நிக்கோலஸ் கோவ். 1939-இல் தொடங்கிய அந்த நிறுவனம் சீப்பு செய்து விற்றது. பின்னர் 1952-இல் ‘கோல்டன் ஹைன்ட்’ என்னும் கப்பலின் சிறு மாதிரியை இரண்டு ஷில்லிங்குக்கு விற்றது. தொழிலாளி வீட்டுப் பிள்ளையும் வாங்கக்கூடிய விலை அது.

இவை வெறும் விளையாட்டுப் பொருள்களாகவும் இருந்ததில்லை. போர்க்காலத்தில் வானத்தில் தோன்றும் விமானம் நம்முடையதா, பகைவனுடையதா என்று நொடியில் அறிய வேண்டும். தவறினால், சொந்தத் தோழனையே சுட்டு வீழ்த்த நேரும். ஆகவே 1942-இல் அமெரிக்கக் கடற்படை, ஐந்து லட்சம் மாதிரி விமானங்களைச் செய்து தருமாறு அந்நாட்டுப் பள்ளிகளை வேண்டிற்று. மாணவர்கள் மரத்தைச் செதுக்கினர். 72-இல் ஒரு பங்காக அளந்தனர். கறுப்பு வண்ணம் பூசினர். பகலொளியின் எதிரே பறக்கும் விமானம் கறுத்த நிழலாகத்தானே தெரியும்! மாதிரியின் தொழில் அழகு காட்டுவதன்று. உண்மையை அடையாளங் காட்டுவது. இதைப் படித்தபோது நமக்கு ஊக்கம் பிறந்தது. அப்பாடத்தின் முழுப்பொருள் விளங்கப் பின்னும் சில வாரங்கள் ஆயின.

*

வேலையைத் தொடங்கினோம். சட்டத்திலிருந்து பாகத்தைக் கத்தியால் அறுப்பது, அறுத்த வடுவை அரத்தால் தேய்ப்பது, பொருந்துகிறதா என்று பசையின்றி ஒருமுறை வைத்துப் பார்ப்பது, பிறகே ஒட்டுவது. பிளாஸ்டிக்குக்கு உரிய பசை ஒட்டுவதோடு நிற்பதில்லை. இரு விளிம்புகளையும் சற்றுக் கரைத்து ஒன்றாக இறுகச் செய்கிறது. இணைப்பில் இடுக்கு விழுந்தால், வீட்டுச் சுவருக்குப் பெயிண்டர் பட்டி பார்ப்பதுபோல் இதற்கும் பட்டி பார்க்க வேண்டும். காய்ந்ததும் உப்புத்தாளால் தேய்க்க வேண்டும். விரலால் தடவிப் பார்த்தால் வழவழப்பாக இருக்கும். வண்ணம் பூசியதும் மறைந்திருந்த கோடு பல்லிளிக்கும்! முதல் வாரத்திலேயே ஓர் உண்மையைக் கற்றோம்: நம் தெருவில் சுவருக்குப் பட்டி பார்க்கும் தொழிலாளி, நாம் கல்லூரியிலே கற்காத ஒரு கல்வியைக் கற்றவர். அவரிடமே சென்று உப்புத்தாளை நீரில் நனைத்துத் தேய்க்கும் முறையைக் கேட்டறிந்தோம். மகிழ்ந்து சொல்லிக் கொடுத்தார்.

இறக்கையை ஒட்டியபின் துப்பாக்கிகளுக்கான துளைகளைத் தேடினோம். புகழ்பெற்ற ‘ஸ்பிட்ஃபயர்’ விமானத்தின் இறக்கையில் எட்டு இயந்திரத் துப்பாக்கிகள் உண்டென்று படித்திருந்தோம். இந்த விமானத்தின் இறக்கையிலோ ஒன்றுமில்லை! பாகம் தவறிவிட்டதோ என்று பெட்டியைக் கவிழ்த்துத் தேடினோம். செய்முறைத் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தோம். தவறவில்லை. டிஃபையன்ட் விமானத்தில் முன்னோக்கிச் சுடும் துப்பாக்கி ஒன்றுகூட இல்லை. விமானியின் முதுகுக்குப் பின்னே, சுற்றிச் சுழலும் கண்ணாடிக் கூண்டு ஒன்று. அதில் நான்கு துப்பாக்கிகள். அவற்றை இயக்க இன்னொரு வீரர். நடைமுறையில் ஓட்டுபவர் சுட இயலாது. சுடுபவர் ஓட்ட இயலாது.

ஏன் இப்படி ஒரு விமானம்?

அங்கேதான் வரலாறு தொடங்குகிறது. 1935-இல் பிரிட்டிஷ் விமான அமைச்சகம் ஒரு கணக்குப் போட்டது. போர் வந்தால் ஜெர்மனியின் குண்டுவீச்சு விமானங்கள் தம் நாட்டிலிருந்தே புறப்பட வேண்டும். அவ்வளவு தொலைவு அவற்றுக்குத் துணையாகச் சிறு சண்டை விமானங்கள் பறந்து வர இயலாது. ஆகவே குண்டுவீச்சு விமானங்கள் தனியாகவே வரும். அவற்றின் பக்கத்திலும் அடியிலும் பறந்தபடி சுழல்கூண்டிலிருந்து சுட்டு வீழ்த்தலாம். எவ்வளவு ஒழுங்கான கணக்கு! தாளிலே பிழையே இல்லை. முதல் உலகப் போரின் ‘பிரிஸ்டல் ஃபைட்டர்’ விமானமும் பின்னால் ஒரு சுடுநரைக் கொண்டு வென்றதே என்று முன்னோர் வழியையும் காட்டினர். ஆனால் அந்த விமானத்தில் விமானிக்கும் முன்னே சுட ஒரு துப்பாக்கி இருந்தது. அதைக் கொண்டு துணிந்து தாக்கியபோதே அது வென்றது. முன்னோர் வழி என்று சொன்னவர், முன்னோர் வழியில் பாதியை மறந்தனர்!

1937 ஆகஸ்ட் 11 அன்று டிஃபையன்ட் முதன்முதலாகப் பறந்தது. மொத்தம் 1,064 விமானங்கள் செய்யப்பட்டன. சிந்திப்பவன் ஒருவன், உழைப்பவன் ஒருவன் என்று மனிதரைக் கூறுபோட்ட சமுதாயத்தில் பிறந்த நமக்கு, ஓட்டுபவர் ஒருவர், சுடுபவர் ஒருவர் என்ற அந்த அமைப்பு ஏதோ ஒன்றை நினைவூட்டிற்று. அதை மனத்தில் ஒருபுறம் வைத்துவிட்டு வேலையைத் தொடர்ந்தோம்.

*

கண்ணாடிக் கூண்டை ஒட்டும் நாள் வந்தது. பெட்டியைத் தந்த தோழர் முன்பே எச்சரித்திருந்தார்: “நொடியில் ஒட்டும் பசையைக் கண்ணாடிப் பாகத்தின் பக்கமே கொண்டுபோகாதீர்கள். அதன் ஆவி பட்டால் கண்ணாடி மங்கிவிடும். மரவேலைக்குப் பயன்படும் வெண்பசையே போதும்.”

கேட்டோமா? இல்லை. வெண்பசை காய்வதற்குள் பொழுது விடிந்துவிடும். விரைந்து ஒட்டுவதே சிறந்த பசை. கொஞ்சமாகத் தொட்டால் என்ன ஆகிவிடும்? இது நம் கோட்பாடு. சட்டத்தில் மிஞ்சிக் கிடந்த கண்ணாடித் துண்டில் ஒரு துளி இட்டுச் சோதித்துப் பார்த்திருக்கலாம். செய்யவில்லை. இரவு பத்து மணிக்கு ஒட்டினோம், பெருமிதத்தோடு உறங்கினோம். காலையில் எழுந்து பார்த்தால், கூண்டு முழுதும் பனி படர்ந்தாற்போல் வெள்ளை! உள்ளே இருக்கும் துப்பாக்கியும் தெரியவில்லை, இருக்கையும் தெரியவில்லை.

1935-இல் அறிஞர்கள் செய்த பிழையைப் படித்து நகைத்து ஒரு வாரம் ஆகவில்லை. அதே பிழையை நாம் செய்து முடித்திருந்தோம்.

மறைத்துவிடலாமா என்று தோன்றிற்று. கூண்டின் மீது துணியுறை போர்த்தியதுபோல் பச்சை வண்ணம் பூசிவிட்டால் யாருக்குத் தெரியும்? தூரிகையைக் கையில் எடுத்தும்விட்டோம். பிறகு வைத்துவிட்டோம். கூண்டை மெல்லப் பெயர்த்தெடுத்து, மிக நுண்ணிய உப்புத்தாளை நனைத்துப் புறத்தே தேய்த்தோம். காதுக்குரிய பஞ்சுக்குச்சியில் பற்பசையைத் தொட்டு உள்ளே தேய்த்தோம். மூன்று மாலைகள் கழிந்தன. வெண்மை போயிற்று. ஒரு மூலையில் மட்டும் நகக்கண்ணளவு மங்கல் நின்றுவிட்டது. அது இன்றும் அங்கேயே இருக்கிறது.

வண்ணம் பூசும் வேலையிலே உதட்டைக் கடித்துக்கொண்டு பொறுமை கற்றோம். முதலில் பிரைமர். அடிப்புறத்துக்கு வெளிறிய பசுமை கலந்த வான்நிறம்: கீழிருந்து பார்ப்பவர் வானென்று மயங்க. மேற்புறத்துக்கு மண்பழுப்பும் அடர்பச்சையும் அலையலையாக: மேலிருந்து பார்ப்பவர் வயலென்றும் காடென்றும் மயங்க. கெட்டியாக ஒருமுறை பூசினால் தூரிகைத் தடம் நிற்கும். நீர்க்கப் பலமுறை பூசினால் ஒரே சீராகப் படியும். நிறங்களின் எல்லைக்கு மாஸ்கிங் டேப்பை ஒட்டி, விளிம்பை நகத்தால் அழுத்த வேண்டும். அழுத்தாவிடில் வண்ணம் அடியிலே கசிந்துவிடும். வலப்புற இறக்கையில் கசிந்தது. தேய்த்து மீண்டும் பூசினோம்.

கடைசியாகச் சின்னங்கள். வெதுவெதுப்பான நீரில் நனைத்தால் தாளிலிருந்து வழுக்கிவரும் மெல்லிய படங்கள் அவை: வட்டச் சின்னங்கள், வால் பட்டைகள், பிறகு உடலின் பக்கத்தில் ‘பி.எஸ். – ஏ’ என்ற எழுத்துகள். முதலிரண்டும் 264-ஆம் அணியைக் குறிப்பவை. மூன்றாவது, அணித்தலைவர் ஃபிலிப் ஹன்டர் ஓட்டிய விமானத்தின் எழுத்து. தூரிகை நுனியால் அந்த எழுத்தைச் சரிசெய்தபோது நம் கை நடுங்கவில்லை. அவர் கதையை முழுதும் படித்த பிறகு நடுங்கியது.

*

கண்காட்சிக்கு ஒரு வாரம் இருந்தது. விமானத்தின் முன் வைக்க ஓர் அட்டை எழுதினோம்: “சென்னை மாகாணத்தின் பெயர் தாங்கிய அணி. 1940 மே 29 அன்று டன்கர்க் வானில், ஒரே நாளில் 37 பகை விமானங்களை வீழ்த்தி வெற்றிவாகை சூடியது!” ஒன்பதாம் வகுப்பில் அதை உரக்கப் படித்தும் காட்டினோம். கைதட்டினர் மாணவர். ஒருத்தி மட்டும் கை தட்டவில்லை, எழுந்து நின்றாள்.

“ஐயா, முப்பத்தேழு என்று எண்ணியது யார்?”

“சுட்ட வீரர்களே வந்து சொன்னார்கள், அம்மா.”

“எங்கள் தெருவில் கபடி ஆடும்போது ஆடுகிறவர்களே புள்ளி எண்ணக்கூடாது என்று தனியாக ஓர் ஆளை வைப்போமே, ஐயா! சுட்டவர்களே எண்ணினால் சரியாக இருக்குமா?”

வகுப்பு சிரித்தது. நாம் சிரிக்கவில்லை. “நல்ல கேள்வி, நாளை சொல்கிறேன்” என்றோம். ‘ஆசிரியர் சொன்னால் அப்படியே கேள்’ என்று வளர்ந்த தலைமுறைகளின் நடுவே, கேள் என்ற சொல்லுக்கு வினவு என்றும் பொருள் உண்டென்று நினைவூட்டிவிட்டாள் அந்தப் பெண்!

அன்றிரவு தேடிப் படித்தோம். தேடத் தேட, நம் அட்டை சிறுத்துக்கொண்டே போயிற்று.

ஒரே பகை விமானத்தை இருவர் மூவர் சுடுவர். அது வீழ்ந்தால் ஒவ்வொருவரும் தாமே வீழ்த்தியதாக நம்புவர். புகை கக்கித் தாழப் பாய்ந்த விமானம் கடலில் விழுந்ததென்று எண்ணுவர். அதுவோ தப்பிப் போயிருக்கும். எல்லா நாட்டுப் படைகளிலும் இவ்வாறு கணக்கு மிகுந்தது. போருக்குப்பின் இரு தரப்புப் பதிவுகளையும் ஒப்பிட்டவர்கள், அன்று உண்மையில் வீழ்ந்தவை 37-ஐவிட மிகக் குறைவே என்று கண்டனர். வீரர்கள் பொய் சொல்லவில்லை. ஆனால் அவர்கள் சொன்னது உண்மையுமன்று.

இதைவிடக் கொடிய செய்தி ஒன்று காத்திருந்தது. டன்கர்க் வெற்றிக்குப் பதினாறு நாள் முன்பு, 1940 மே 13 அன்று, இதே 264-ஆம் அணியின் ஆறு டிஃபையன்ட் விமானங்கள் ஹாலந்தின்மீது பறந்தன. ஜெர்மானியச் சண்டை விமானங்கள் எதிர்ப்பட்டன. ஆறில் ஐந்து வீழ்ந்தன, திரும்பியது ஒன்றே!

ஆறுக்கு ஐந்து. அந்தக் கணக்கை எண்ணியவர் யார் என்று கேட்கத் தேவையில்லை. காலியாகக் கிடந்த கட்டில்கள் எண்ணின. சோதனை நடந்துவிட்டது, விடையும் வந்துவிட்டது. ஆனால் பதினாறு நாளில் 37 என்ற இனிய எண் வந்தது. ஐந்து என்ற கசப்பான எண் அதனடியில் அமுங்கிற்று. ஜூன் மாதம் பிரான்ஸ் வீழ்ந்தது. கால்வாயின் மறுகரையிலேயே ஜெர்மனியின் சண்டை விமானங்கள் வந்து அமர்ந்தன. துணையின்றி வருவர் பகைவர் என்ற 1935-இன் கணக்கு அடியோடு சாய்ந்தது. ஆயினும் விமானங்கள் அனுப்பப்பட்டன. ஜூலை 19 அன்று 141-ஆம் அணியின் ஒன்பது டிஃபையன்ட்கள் புறப்பட்டன. அவற்றில் பெரும்பாலானவை வீழ்ந்தன. முன்னால் சுட இயலாத விமானத்தை முன்னாலும் அடியிலும் வந்து தாக்கினால் என்ன செய்யும்? வீழ்ந்த விமானத்தின் சுழல்கூண்டிலிருந்து வெளியேறுவதோ மிகக் கடினம். கூண்டு தக்கபடி திரும்பி நின்றால்தான் கதவின் வழியே வெளிவர முடியும். அதன் பின்னரும், ஆகஸ்ட் 22 அன்று, 264-ஆம் அணி லண்டனுக்குக் கிழக்கேயுள்ள ஹார்ன்சர்ச் தளத்துக்குப் பகற்போருக்கு வரவழைக்கப்பட்டது. இரண்டே நாள். ஆகஸ்ட் 24 அன்று, பகைவரின் குண்டுவீச்சு விமானங்களைத் துரத்திக் கடலை நோக்கிச் சென்ற ஃபிலிப் ஹன்டரும், அவருடைய கூண்டிலிருந்த ஃபிரெடெரிக் கிங்கும் திரும்பவே இல்லை. அம்மாத இறுதியில்தான் டிஃபையன்ட் பகற்போரிலிருந்து விலக்கப்பட்டது. பின்னர் இரவுக் காவலில் அது பயன்பட்டது என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும்.

மேசையில் ‘பி.எஸ். – ஏ’ நின்றிருந்தது. கூண்டின் மூலையில் அந்த மங்கல். நாம் பூசிய வண்ணம், நாம் ஒட்டிய எழுத்து. அந்தப் பெயரில் பறந்து, கரை திரும்பாத இருவர்.

அந்த மாணவியின் கேள்வியை அத்தோடு நிறுத்த முடியவில்லை. மார்பு விம்மச் செய்த பெயரையும் அதே கேள்வியால் தொட்டோம். நிதி கொடுத்தது யார்? கேட்டது யார்? 1939 செப்டம்பர் 3 அன்று, இந்தியாவும் போரில் இறங்கிற்று என்று வைசிராய் அறிவித்தார். இந்நாட்டு மக்களின் சார்பாளர் எவரையும் கலந்துகொண்டாரில்லை. அக்டோபரில் சென்னை அமைச்சரவை விலகியது. ஆட்சி ஆளுநர் கைக்குச் சென்றது. மக்கள் தேர்ந்தெடுத்த அமைச்சர் ஒருவரும் ஆட்சியில் இல்லாத நாள்களில், மக்களின் பெயரால் சென்றது அந்தப் பணம். ஒரு ‘ஸ்பிட்ஃபயர்’ விமானத்துக்கு நன்கொடை 5,000 பவுன் என்று வைத்திருந்தனர்; அன்றைய மாற்று விகிதத்தில் ஏறத்தாழ 67,000 ரூபாய். மனமுவந்து கொடுத்தவர் இருந்திருப்பர். நாஜிக் கொடுமை வீழ வேண்டும் என்று உணர்ந்து கொடுத்தவர் இருந்திருப்பர். அது வீழ வேண்டிய கொடுமைதான். ஆயினும் ‘சென்னை மாகாணம்’ என்று எழுதப்பட்டதாலேயே சென்னை மாகாணத்து உழவரும் தொழிலாளரும் பேசிவிட்டதாக ஆகிவிடுமா?

*

புதிய அட்டை எழுதினோம். ஆறுக்கு ஐந்தும் இருந்தது. 37-உம் இருந்தது, யார் எண்ணியது என்ற குறிப்போடு. தலைமை ஆசிரியரிடம் காட்டினோம்.

“தம்பி, விருந்தினர் வரும் நாளில் வீழ்ச்சிக் கதை எதற்கு? நம் மாகாணத்துப் பெருமை. அந்த 37-ஐ மட்டும் வையுங்கள். மக்கள் மகிழ்ந்து போவார்கள்.”

அவர் தீயவரல்லர்; பள்ளியை நேசிப்பவர். நாமோ தகுதிகாண் பருவம் முடியாத ஆசிரியர். மறைக்காமல் எழுதுகிறோம்: பணிந்தோம். பணியாமை என்ற பெயர்கொண்ட விமானத்தின் முன்னே, பணிந்த கையால் பழைய அட்டையை வைத்தோம்!

கண்காட்சி தொடங்கிற்று. வந்தனர், வியந்தனர், “நம் சென்னை!” என்று மகிழ்ந்தனர். பதினொரு மணிக்கு அந்த மாணவி வந்தாள். அட்டையைப் படித்தாள். நம்மைப் பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை. அவள் கேட்காததுதான் நம்மைச் சுட்டது. கேள்வி கேட்கும் ஒரு பிள்ளையை, கேட்டுப் பயனில்லை என்று எண்ண வைப்பதைவிட ஓர் ஆசிரியன் செய்யக்கூடிய பெருங்கேடு வேறேது? கூண்டின் மங்கலைப் பச்சை வண்ணத்தால் மூட மறுத்த கை, இங்கே மூடிவிட்டதே!

நண்பகல் உணவுக்கு மணி அடித்தது. பையிலிருந்த புதிய அட்டையை எடுத்தோம். பழையதை அகற்றிவிட்டு அதை வைத்தோம். பிற்பகலில் வந்தோர் குறைவாகவே வியந்தனர். ஆனால் நெடுநேரம் நின்றனர். “தெரிந்திருந்தும் ஏன் ஐயா அனுப்பினார்கள்?” என்று ஒரு சிறுவன் கேட்டான். “கூண்டில் இருந்தவருக்கு எத்தனை வயது?” என்று ஒரு தாய் கேட்டார். அந்த மாணவி தன் தோழியரை இழுத்து வந்து, மங்கிய மூலையைக் காட்டி, நாம் பசையில் செய்த பிழையையும் சேர்த்து விளக்கிக்கொண்டிருந்தாள். அதையும் வகுப்பிலே சொல்லியிருந்தோம்.

மாலையில் தலைமை ஆசிரியர் வந்தார். அட்டையைப் படித்தார்; மீண்டும் ஒருமுறை படித்தார். நாம் மூச்சடக்கி நின்றோம்.

“எழுத்து சிறிதாக இருக்கிறது, தம்பி. பின்னால் நிற்பவர்களுக்குத் தெரியாது” என்றார். வேறொன்றும் கூறாமல் அடுத்த மேசைக்கு நகர்ந்தார்.

*

நண்பரே, இப்போது விடை கூறுகிறோம். போரைப் போற்றுவதற்காக அந்த விமானத்தைச் செய்யவில்லை. தொடங்கியபோது பெருமைக்காகவே செய்தோம். முடித்தபோது கையில் மிஞ்சியது பெருமையன்று. ஏட்டில் படித்தபோது ‘264-ஆம் அணி’ ஒரு பெயர். இறக்கையில் துளை தேடி, கூண்டைத் தேய்த்து, எழுத்தை ஒட்டிய பிறகு அது இரண்டிரண்டு பேராகச் சென்று திரும்பாத மனிதர்கள். போரின் கொடுமையை மூன்றாண்டு பேசிய நாவுக்குத் தெரியாததை, மூன்று வாரம் தேய்த்த கை தெரிவித்தது.

செய்யப்பட்ட 1,064 டிஃபையன்ட்களில் முழுமையாக எஞ்சி நிற்பது ஒன்றே. பிரிட்டிஷ் விமானப்படையின் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நம் மாதிரி, பள்ளி வரலாற்று அறையின் அலமாரியில் இருக்கிறது. அதன் முன்னே அட்டை, பெரிய எழுத்தில். அடியில் ஒரு வரி சேர்த்தோம்; எழுதியது நாமல்ல, அந்த மாணவி. அவள் கையெழுத்திலேயே இருக்கிறது:

“இதையும் சரிபார்க்கவும்.”